சம்ப்ரோக்ஷணத்தன்று வந்த பருந்து

ஸ்ரீ

தாம்பரம் கிழக்கு
4-2-94

சௌபாக்கியவதி வகுளாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கு அனைவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை அதற்கு மேல் போகவில்லை. நான் க்ஷேமம். அம்மா விஷயத்தைக் கீழே எழுதுகிறேன், பதறாமல் படி. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தப் பனியில் எப்படி இருக்கிறீர்கள், குழந்தைக்குச் சளி விட்டதா, ராத்திரி தலைக்குக் குல்லாய் போட்டுப் படுக்க வை, ரோட்டில் பனி உறைந்திருக்கும்போது நீ காரை எடுக்காதே. முப்பது வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன் நான், இது உன் கைக்கு வர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் இங்கே எல்லாம் முடிந்து, போனில் விஷயமும் உனக்கு வந்திருக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன், ஏனென்றால் போன் ஹாலில் இருக்கிறது, அம்மாவும் ஹாலில் இருக்கிறாள்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மார்கழியிலேயே உனக்குச் சொன்னேன். அவள் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றதைச் சொல்லவில்லை. உன் பெரியம்மா ஆபரேஷன் மேஜையிலிருந்து திரும்பி வராதது இவள் மனசை விட்டுப் போகவே இல்லை. தள்ளிப்போட்டால் கட்டி கெட்டதாக மாறிவிடலாம் என்று டாக்டர் உன் அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லியும் இவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு நாள் காப்பி கொடுக்கும்போது, நம்ம கோவில் சம்ப்ரோக்ஷணத்தன்னிக்கி கருடன் வந்து வட்டம் போட்டா பெருமாள் உத்தரவு குடுத்துட்டார்னு அர்த்தம், வந்துடறேன், வரலேன்னா என்னை விட்டுடுங்கோ என்றாள். ஊரார் கும்பாபிஷேகம் என்றால் சம்ப்ரோக்ஷணம் என்று திருத்துகிறவள் ஆயிற்றே, இதிலும் ஒரு எழுத்து மாற்ற மாட்டாள். நானும் கருடனுக்கா பஞ்சம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். கோவில் ஏரிக்கரையிலேயே இருக்கிறது, வெயில் ஏறினதும் ஏரிக்கரைக் கம்பங்களிலிருந்து அவை எழும்பி வட்டமிடுவதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்.

மழைக்காலம் முழுக்க முழங்கால் வலியில் ஏரிப் பக்கம் போகவில்லை, அதுதான் நான் செய்த தப்பு. மறுநாளே ஹில்டா டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் பயாலஜி சொல்லிக்கொடுத்து ரிடையரானாரே, பைனாகுலர் வைத்திருக்கும் அம்மாள், வருஷா வருஷம் குளிர்காலத்தில் பறவை எண்ணப் போவோமே, அவர்தான். கம்பங்களில் ஒரு கருடன் கூட இல்லை வகுளா. ஏரியில் சாக்கடையை விட்டிருக்கிறார்கள், ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, மீன் செத்து மிதக்கிறது. மீன் இல்லாத இடத்தில் கருடனுக்கு என்ன வேலை. அதற்குப் பதில் புதுக் குப்பைமேட்டில் கள்ளப்பருந்து கூட்டங்கூட்டமாக இறங்குகிறது, போன வருஷத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும். கரையில் பனைமரங்களை வெட்டிவிட்டதால் பொந்தில் இருந்த புள்ளி ஆந்தைகளும் போய்விட்டன. நீ சின்னவளாக இருக்கும்போது தலையை ஆட்டி ஆட்டி உன்னை முறைக்குமே, அதுகள்தான். முடிச்சூர் வயல் முழுக்க மனைக்கல் நட்டுவிட்டார்கள். வடக்கேயிருந்து வரும் பூனைப்பருந்து தாழப் பறந்து வேட்டையாட நிலம் இல்லாமல் ஒன்றே ஒன்று மனைக்கல் மேல் உட்கார்ந்திருந்தது. மற்ற வருஷமானால் இதையெல்லாம் பார்த்து வருத்தப்பட்டிருப்பேன். இந்த வருஷம் அம்மா போட்ட நிபந்தனைதான் நினைவுக்கு வந்தது. கோவளம் பக்கம் கடலோரத்தில் கருடன் இருக்கும் சார், இங்கே இனிமேல் சந்தேகம்தான் என்று டீச்சரும் சொல்லிவிட்டார்.

அன்றையிலிருந்து தினம் காலையில் ஏரிக்குப் போய் நிற்பேன். அம்மா, இந்தக் குளிர்ல எதுக்கு இப்படி அலையறேள் என்பாள். நாள் நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை. அவளைக் காப்பாற்று பெருமாளே என்று கேட்க வேண்டியவன், ஒரே ஒரு கருடனைக் கொடு என்று கேட்டேன். கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா, சொன்னால் சிரிப்பாய். ஏரிக்கரையில் மீன் விற்கும் முனியம்மாவிடம் போய், வியாழக்கிழமை காலையில் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் மீன்குடலைக் கொட்ட முடியுமா என்று கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இன்னா ஐயரே, வூட்ல பூனை வளக்கிறியா என்றாள். கருடனுக்கு என்றேன். கருடன் எங்க கீது, குப்பப் பருந்துதான் வந்துகினு கீது, நீ கேக்குறியேன்னு கொட்றேன் போ என்றாள். எனக்குத் தெரியாததையா அவள் சொன்னாள். எங்கேயாவது வழி தவறி ஒன்று வராதா என்ற ஆசை. நேற்றுக் காலை அவளோடு நானும் நின்று கொட்டச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஸ்நானம் செய்து, திருமண் இட்டுக்கொண்டு ஒன்றும் அறியாதவன் மாதிரி அம்மாவோடு கோவிலுக்குப் போனேன். பயம் வந்துவிட்டால் ஆசாரமாவது ஒன்றாவது.

கூட்டமான கூட்டம். பட்டர் விமானத்தின் மேல் குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கீழே அத்தனை ஜனமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கமிட்டிச் செக்ரட்டரி சுப்பராயலு மைக்கில், கருட பகவான் வரப்போறார், எல்லாரும் மேல பாருங்க என்று சொல்லிவிட்டு, மைக்கை மூடிக்கொண்டு என்னிடம் வந்து, இன்னா சார், பறவை பாக்கறவரு நீங்க, எப்ப வரும் என்றார். நான் கோவிலுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்போது காலி மனைப் பக்கமிருந்து ஒன்று எழும்பிற்று. வட்டம் போட்டது. கோவிந்தா கோவிந்தா என்று ஜனம் அலறிற்று, கன்னத்தில் போட்டுக்கொண்டது, பட்டர் தீர்த்தத்தைக் கலசத்தில் சேர்த்தார். தலையில் வெள்ளை இல்லை, மார்பில் வெள்ளை இல்லை, வால் நடுவில் பிளந்து கவட்டையாக இருந்தது. கள்ளப்பருந்து. கருடனுக்கு வால் முனை வளைந்து முழுசாக இருக்கும் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும்படி நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், உனக்கும் சொல்லியிருக்கிறேன், உன் அம்மாவுக்கும். என் பின்னால் வேண்டாவெறுப்பாக வந்து வந்து அவளுக்குப் பழகிவிட்டது, மாமிக்குக் கண்ணே பைனாகுலர் என்று டீச்சர் சொல்வார். நான் அதற்கப்புறம் வானத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். அவளும் வானத்திலிருந்து கண்ணை இறக்கி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேலே பார்த்துக் கைகூப்பினாள்.

வீட்டுக்கு வரும் வழியில், திங்கக்கெழமை அட்மிஷன் போட்டுடுங்கோ என்றாள். எனக்குச் சந்தோஷப்படக் கூட முடியவில்லை. சும்மா இருந்திருக்கலாம், வாய் கேட்டுவிட்டது, நன்னாப் பார்த்தியா என்று. அதற்கு அவள் நடையை நிறுத்தாமலே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வால் பிளந்திருந்துது, பார்த்தேன். அப்புறம் ஒங்களைப் பார்த்தேன். ஒதடு துடிச்சுண்டு, கொழந்தை தொலைஞ்சு போனவன் மாதிரி நின்னுண்டிருந்தேள். ஒரு மனுஷன் இவ்வளவு பயப்படறச்சே பெருமாள் தனியா வேற உத்தரவு குடுக்கணுமா என்ன. இவ்வளவுதான். வந்து புடவையை மாற்றிக்கொண்டு இட்டிலிக்கு ஊறப் போட்டாள்.

இதுவரைக்கும் அவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளே என்று பயந்தேன் வகுளா, இப்போது வருகிறாளே என்று பயமாக இருக்கிறது. புதன்கிழமை ஆபரேஷன். பெருமாள் சொல்லிப் போகிறாள் என்றால் பாரம் அவர் தலையில், என் மூஞ்சியைப் பார்த்துப் போகிறாள் என்றால் பாரம் யார் தலையில்? நாற்பது வருஷத்தில் அவளுக்குப் பயந்திருக்கிறேன், அவளுக்காக இப்படிப் பயந்ததில்லை. அவள் எதிரே சிரித்துப் பேசுகிறேன், கொல்லைப்பக்கம் போய் நிற்கிறேன். நேற்றிலிருந்து அவள் காலனி முழுக்க எல்லாரிடமும் கருடன் வந்தார், கண்ணால பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்காகத்தான் சொல்கிறாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் பெருமாள் தீர்க்காயுசையும் சகல சௌபாக்கியங்களையும் கொடுக்கட்டும். நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம், அம்மாவுக்குப் பிடிக்காது. எல்லாம் நல்லபடி முடிந்தால் அவளே உனக்குப் போன் செய்து கருடன் வந்த கதையைச் சொல்வாள். அந்தப் போன் உனக்கு வர வேண்டும், அதைத்தான் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். வந்தால் முழுசும் கேட்டுக்கொள், எத்தனை வட்டம் போட்டார் என்று கேள், எவ்வளவு உயரத்தில் என்று கேள். வால் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் அப்பா
கஸ்தூரிரங்கன்