பூஜைக்கு வைத்த பேக்கப் டிஸ்க்

அம்மணி,

இன்று ஆயுத பூஜை. சர்வர் பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். விரலில் ஒட்டிய சந்தன வாசனை உன்னை எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. இந்தப் பீளமேட்டுப் பம்ப் கம்பெனியில் நான் டிராயிங் பிரிவு, நீ கம்ப்யூட்டர் பிரிவு. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது; உன் காலி மேசை இன்னும் பழகவில்லை.

போன வருடப் பூஜை நாளை எப்படி மறப்பேன்? நம் டிராயிங் அத்தனைக்கும் இருந்தது ஒரே பேக்கப் டிஸ்க். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிப் பீரோவில் பூட்டிவைப்பாய். முதலாளி அதையும் எடுத்துவந்து பொட்டு வைத்தார். பூஜை முடிந்ததும் எல்லா மிஷினையும் ஒருமுறை ஓட்டுவது வழக்கமாச்சே, இதுவும் ஓடட்டும் என்று சர்வரில் செருகிவிட்டார். நல்ல மனசுதான், என்ன செய்ய.

சர்வருக்குள்ளே ரேன்சம்வேர் படுத்துக் கிடந்தது யாருக்குத் தெரியும்? யாரோ திறந்த பில் மெயிலில் நுழைந்து, பாஸ்வேர்டுகளைத் திருடிக்கொண்டு, ஆளில்லாத விடுமுறைக்குக் காத்திருந்ததாம். பழைய நகல்களை முதலில் அழித்துவிட்டு ஃபைல் ஃபைலாகப் பூட்டும், சாவிக்குப் பணம் கேட்கும் என்று நீ பிறகு விளக்கினாய்.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதலாவதாகப் 'பிள்ளையார்' என்று ஒரு போலி ஃபைல் வைத்திருந்தாய். யாரும் தொடத் தேவையில்லாத ஃபைல்; அது மாறினால் உன் போன் அலறும். பொரி தின்றுகொண்டிருந்தபோது அலறியது. தட்டைப் போட்டுவிட்டு ஓடினாய். யாரும் வேலை செய்யாதபோதும் சர்வர் விளக்கு விடாமல் மின்னியது, ஃபைல் பெயர்கள் வரிசையாக மாறிக்கொண்டே வந்தன. டிஸ்க்கையும் நெட்வொர்க் வயரையும் பிடுங்கி எறிந்தாய்.

"போச்சுங்களா?" என்றார் முதலாளி, முகம் வெளுத்து.

"டிராயிங் தப்பிச்சுதுங்க."

அன்று டிராயிங் போயிருந்தால் கம்பெனியை மூடியிருப்போம். டிஸ்க்கில் முன்னால் இருந்த ஆபீஸ் போட்டோக்கள் மட்டும் பூட்டுப்பட்டன. நாம் சேர்ந்து எடுத்ததெல்லாம் அதில்தான். நான் புலம்பியதற்கு நீ சிரித்தாய்: "போட்டோ எதுக்குங்க்கா? ஆளே இருக்கமுல்ல."

ஆனாலும் அழிக்க வேண்டாம், இந்த ரகத்துக்கு என்றாவது சாவி வெளிவரலாம் என்றாய். அப்புறம் காய்ச்சல் என்று லீவு போட்டவள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவேயில்லை.

அழிக்கவில்லை, அம்மணி. புதுச் சாவி வந்ததாகக் கேள்விப்படும்போதெல்லாம் போட்டுப் பார்க்கிறேன். இன்றும் பார்த்தேன், திறக்கவில்லை. என்னிடம் மிச்சமிருப்பது உன் ஐடி கார்டு படம்தான். அதில் நீ சிரிக்கவில்லை.