வராத பிள்ளைக்கு விழுந்த அடி

என்னைப் பெற்ற என் உயிரான அய்யாவுக்கு,

தங்கை சரசுவின் மகள் செல்வியை நேற்றுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பாம்பனில் நான் படித்த அதே பள்ளிக்கூடம், அதே வாத்தியார். தலை நரைத்திருக்கிறது, அவ்வளவுதான்; புத்தியில் ஒரு மாற்றமும் இல்லை. செல்வி என்னைப் போலவே வந்து பிறந்திருக்கிறாள். மணியடித்தால் காதைப் பொத்துவாள், பேசுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், எல்லாம் தெரிந்தும் வாய் திறக்க மாட்டாள். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

என் நாலாம் வகுப்பு நினைவிருக்கிறதா? கையைப் பிடித்தால் எனக்குப் பிடிக்காது என்று, துண்டின் நுனியைக் கொடுத்துத் தினமும் வகுப்பு வாசல் வரை கூட்டிப்போவீர்கள். அந்த மேதாவி வாத்தியார் பெயர் வாசிப்பார். "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். அவர் மூக்குக்கு நேரேதானே உட்கார்ந்திருக்கிறேன், அதை வேறு சொல்வானேன்? தலையை நிமிர்த்தாமலே ஆப்செண்ட் போடுவார். வருடம் முழுவதும் போட்டார். ஒருநாள் மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினேன் என்று பிரம்பால் விளாசினார். அன்றைக்கும் ஆப்செண்ட்தான். வராத பிள்ளையை எப்படி அய்யா அடித்தார்?

வருடக் கடைசியில், வந்த நாள் போதாது என்று என்னை அதே வகுப்பில் நிறுத்திவிட்டார். வலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தீர்கள்.

"நெதம் நாந்தானய்யா கொண்டாந்து விடுறேன். ஒங்க கண்ணு முன்னாடிதான இருந்தா?"

"இருந்தாப் போதுமாப்பா? வாயத் தொறந்து சொல்லணும்ல. ரிஜிஸ்டர்ல இல்லாத பிள்ளைய நான் எப்படிப் பாஸ் போட?"

பெரிய சட்டம் படித்தவர்! எதிரே இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டுக் காகிதத்தைக் கும்பிடுகிற ஜன்மம்.

"ஒரே ஒரு தடவ சொல்லிரு தாயி" என்று வழியில் என்னிடம் கெஞ்சினீர்கள். வீடு வரும்வரை சொல்லிப் பார்த்தேன், அய்யா. மறு வருடம் வகுப்பில் பெயர் வாசித்ததும் அந்தச் சொல் வெளியே வரவே இல்லை. பிடிவாதம் என்றது ஊர். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களா? கடைசிவரை நான் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியில் பெயரையே அடித்துவிட்டார், என் படிப்பும் அத்தோடு முடிந்தது.

நேற்று என்னைப் பார்த்து இளித்தார். "இதுவும் ஒன்னய மாதிரிதானா?" என்றார். செல்வியை உள்ளே விட்டுவிட்டு வந்தேன்.

இன்று காலை ஜன்னலோரம் நின்றேன். செல்வி பெயரை வாசித்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிராமல் ரிஜிஸ்டரில் ஆப்செண்ட் போட்டார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருக்கா! கண்ணத் தொறந்து பாத்து எழுதுங்க!"

வகுப்பே திரும்பியது. கத்தியது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் நிமிர்ந்தார். எழுதியதை அடித்து மாற்றிப் போட்டார்.

நாளையும் போவேன், அய்யா. அவராகவே நிமிர்ந்து என் பிள்ளையைப் பார்க்கிற நாள் வரை, தினமும் அந்த ஜன்னலில் நிற்பேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் வராமல் இருந்திராத
உங்கள் மூத்த மகள்
காளியம்மாள்