கப்பல் ஏறாத இரண்டு பாட்டில்

இன்று காலை மாடி வீட்டிலிருந்து திராட்சை புளிக்கும் வாசம் படி வழியாக இறங்கி வந்தது. கிராம்பும் பட்டையும் கலந்த வாசம். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது என்று மற்றவர்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கு உன் முகம்தான் வந்தது. கதவைச் சாத்தினேன். பிறகு, செத்தவளிடம் என்ன கூச்சம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் கொச்சியிலிருந்து மூன்று நாள் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தாய். உன் நாத்தனார்கள் இருவர், கல்லூரித் தோழி என்று நான் ஒருத்தி. மில்காரர் வீட்டுப் பெண்களுக்கு நடுவே இந்தப் பள்ளிக்கூட டீச்சர் எதற்கு என்று தயங்கினேன். நீ போனில் அதட்டினாய்.

"அம்மணி, நீ வராட்டி நானும் ஏற மாட்டேன். வரும்போது உன்ற வைன் ரெண்டு பாட்டில் கொண்டாந்துரு. அது இல்லாம எனக்கென்ன பொறந்தநாளு?"

"கப்பல்ல உடுவாங்களா?"

"ஆளுக்கு ஒரு பாட்டில் உடுவாங்களாமா. நான் விசாரிச்சுப்போட்டேன்."

நம்பினேன். தொண்டாமுத்தூர் வரை போய்ப் பன்னீர் திராட்சை பார்த்து வாங்கி, ஜாடியில் ஊற வைத்து, மூன்று தடவை வடிகட்டினேன். பாட்டிலில் நிரப்பி, மெழுகுவர்த்தியை உருக்கி மூடியைச் சுற்றி ஊற்றினேன். புடவைகளுக்கு நடுவே சுருட்டி வைத்தேன்.

துறைமுகத்தில் என் பை மட்டும் ஸ்கேனரில் நின்றது. "ஆருடெ பேக்?" என்றான் காவலாளி. கையைத் தூக்கினேன். அவன் மெழுகை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்து, அதிகாரியைக் கூப்பிட்டான். பின்னால் வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கடையில் வாங்கி, சீல் உடையாமல் இருந்தால் விடலாம், வீட்டில் செய்ததை ஏற்ற முடியாது என்றார். நான் உன் பக்கம் திரும்பினேன். நீ நாத்தனார்களோடு மூன்றடி தள்ளிப் போய் நின்றிருந்தாய். இவர் உங்களோடு வந்தவரா என்று அதிகாரி உன்னைக் கேட்டார்.

"தெரிஞ்சவங்கதானுங்க," என்றாய். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அவங்க ஊடுகள்ல இதெல்லாம் பழக்கமுங்க. எத்தனை சொன்னாலும் கேக்கறதில்ல."

என் தாத்தா உங்களைப் போன்றவர்களின் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர் என்று உனக்குத் தெரியும். 'அவங்க ஊடு' என்றால் எந்த வீடு என்று வரிசையில் நின்ற நம் கோயமுத்தூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் விளங்கியிருக்கும். இரண்டு பாட்டிலையும் என் கையாலேயே தொட்டியில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன்.

அன்று சாயங்காலம் உன் பையிலிருந்து ஒரு வைன் பாட்டில் வெளியே வந்தது. கடையில் வாங்கியது, சீல் உடையாதது. "குடி கண்ணு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத" என்று எனக்கும் ஊற்றினாய். கப்பல் விதி முழுவதும் உனக்குத் தெரிந்திருந்தது. என்னுடையது தாண்டினால் சரி, தாண்டாவிட்டால் மாட்டிக்கொள்வது நான்தானே. அந்தக் கிளாஸை நான் தொடவில்லை.

மறுநாள் மேல்தளத்தில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அந்த வார்த்தைய ஏன் சொன்ன?"

"எந்த வார்த்தை?"

"அவங்க ஊடுன்னியே."

"அட, அந்த ஆளச் சமாளிக்கறதுக்குச் சொன்னது. நீயேன் எல்லாத்தையும் மனசுல போட்டுக்கற?"

நீ நடிக்கவில்லை. நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை உனக்கு நினைவுக்கே வந்தது. என்னால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாய். சோறு இறங்கவில்லை, உன்ற வைன் ஒரு வாய் வேணும் என்றாய். டாக்டரும் சரி என்றாராம். எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுதான் வந்தேன். கைப்பையில் சின்னப் பாட்டில் இருந்தது. கட்டிலருகே நின்ற நர்ஸிடம் என்னைக் காட்டி, "என்ற சிநேகிதிங்க. இவங்க ஆளுக காச்சறதுல கெட்டிக்காரங்க" என்று சிரித்தாய். அந்த நர்ஸ் சிரிக்கவில்லை. ஜிப்பைத் திறக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

"கொண்டாரலியா?"

"இந்த வருஷம் போடலை."

உன் முகம் சுருங்கிப்போனது. பத்து நாளில் போய்விட்டாய். அந்தப் பாட்டிலை நானும் என் வீட்டுக்காரரும் குடித்துத் தீர்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. சாகப்போகிறவளிடம் பொய் சொன்னாயே என்று அவர் கேட்டார். ஆமாம், சொன்னேன்.

கல்லூரியில் என் டிபன் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவள் நீ ஒருத்திதான். அதை முப்பது வருடம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் அம்மா ஆக்கிய சோற்றை நீ சாப்பிட்டதற்கு நான் எதற்கு நன்றியோடு இருந்தேன் என்று இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது. உன்மேல் இருக்கும் கோபத்தில் பாதி அதற்காகத்தான். அது தணியவில்லை. தணிக்க நான் மெனக்கெடவும் இல்லை.

போன வாரம் பள்ளியில், ஆசிரியர் அறையில், புதிதாக வந்த ஒரு டீச்சர் ஏதோ பேச்சில் "உங்க ஆளுகளுக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"எங்க ஆளுகளுக்கு என்னங்க? முழுசாச் சொல்லுங்க," என்றேன்.

அவள் நோட்டுகளை அடுக்கினாள். மணி அடித்தது. மற்றவர்கள் வகுப்புக்குக் கிளம்பினார்கள். நான் நகரவில்லை. அவள் சொல்லட்டும் என்று எதிரே நின்றேன்.