மிஷின் சொன்ன 840 மீட்டர்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஒண்டிக்கடையிலிருந்து கரடியூர் போகிற மண்ணுக்கடி கேபிள் போய்விட்டதாம். என் ஊட்டுக்காரர் துண்டு துண்டாக ஒட்டி ஜாயிண்ட் போட்ட கேபிள். பைக்கிலிருந்து விழுந்து அவர் போய் நாளையோடு நாலு மாதம்.

ஜூன் 10
கரண்ட் ஆபீசில் புது மிஷின் வைத்திருக்கிறார்கள். கேபிள் போனால் யாரும் தேட வேண்டாமாம். எத்தனை மீட்டரில் பழுது என்று அதுவே சொல்லிவிடுமாம். 840 என்றதாம். ஒண்டிக்கடையிலிருந்து ரோட்டில் டேப் பிடித்தால் அவர் போட்ட நாலாவது ஜாயிண்ட் மேலேயே வந்து நிற்கிறது.

காண்ட்ராக்டர் தனபால் டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்: "தங்கராஜ் போட்ட ஜாயிண்ட்டு. வேற எப்படி இருக்கும்?"

அவர் உயிரோடு இருந்தபோது இப்படி ஒரு வார்த்தை வந்ததா? செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டாரே. அந்த மிஷினுக்கு 840 என்று யார் சொல்லிக் கொடுத்தது?

ஜூன் 11
புது இன்ஜினியர் சுதாராணி ஊடு தேடி வந்தார். "அக்கா, உங்க ஊட்டுக்காரரு வேலையப் பத்தி எழுதி வெச்ச நோட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

எதற்கு? அவர் கையெழுத்தை வைத்தே அவர் மேல் பழி எழுதவா? இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். குடிக்கத் தண்ணீர் வேணுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

ஜூன் 12
எஸ்டேட்டில் களை வெட்டும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. அந்தக் கேபிள் குழியில் நானும் மண் சுமந்தேனே. ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் நாலு மீட்டர் கேபிளை வளைத்து மண்ணுக்குள்ளேயே விட்டு மூடுவார்.

"என்னத்துக்குங்க இது, பாம்பாட்டம்?"

"நாளைக்கு வெட்டி ஒட்டணும்னா இழுத்துக்க வேணாமா, கூறுகெட்டவளே."

மிஷின் அளப்பது கேபிளை. டேப் அளப்பது ரோட்டை. நாலாவதுக்கு முன்னால் மூன்று வளைவு — டேப்புக்குத் தெரியாத பன்னிரண்டு மீட்டர். அப்போ பழுது ஜாயிண்ட்டில் இல்லையே! பன்னிரண்டு மீட்டர் முன்னாலேயே இருக்கே!

யாரிடம் சொல்ல? அந்தப் பொண்ணும் தனபால் ஆளோ என்னமோ.

ஜூன் 13
ஜாயிண்ட்டைத் தோண்டிவிட்டார்கள் என்று கேட்டதும் ஓடினேன். ஆட்கள் கையில் ரம்பம் வேறு. வெட்டிவிட்டால் அது நல்லா இருந்துச்சா, கெட்டிருந்துச்சான்னு அப்புறம் யார் சொல்லுவா? குழியில் இறங்கி நின்றுகொண்டேன். வளைவைச் சொன்னேன்.

"மண்ணு செமந்த பொம்பள மிஷினுக்குப் பாடம் எடுக்குது பாருங்க" என்றார் தனபால். நாலு பேர் சிரித்தார்கள்.

சுதாராணி சிரிக்கவில்லை. "இதுக்கு முன்னாடி எத்தன வளைவுங்கக்கா?" அவ்வளவுதான் கேட்டார். பன்னிரண்டு மீட்டர் திரும்பி அளந்தார்கள். அங்கே ஒரு லாட்ஜ் வாசலில் கேட் மாட்டப் புதிதாக நட்ட இரும்புக் கம்பம். தோண்டினால், அதன் கால் கேபிளுக்குள்ளேயே குத்தி நிற்கிறது.

தனபால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் ரோட்டிலேயே உக்காந்து அழுதுட்டேன்.

ஜூன் 16
வளைவு எல்லாவற்றையும் மிஷினில் ஏற்றணுமாம். சுதாராணியோடு கரடியூர் வரை நடந்து, ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். கடைசி ஜாயிண்ட் வந்ததும் நின்றுவிட்டேன். மழையில் அவசரமாகப் போட்டது. "இது ஒண்ணுதான் எனக்கு மனசு ஒப்பல" என்று அவரே சொன்னது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"என்னங்கக்கா?" என்றார்.

சொல்லிவிட்டேன். அதையும் எழுதிக்கொண்டார்.