ரதி புலம்பலும் வசந்தியின் யோசனையும்

ஞாயிறு, இரவு

"நீ எதைப் பாடப்போற?" என்று வசந்தியிடம் இன்று நான் கேட்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் தோழி. பலாங்கொடைப் பாட்டுப் போட்டிக்குச் சேர்ந்தே போனோம். கொழும்பில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள்.

பஸ்ஸில் அவளாகவே சொன்னாள்: "காமன் கூத்துப் பாட்டெல்லாம் வேணாம்டி. ஜட்ஜ்மாரு எல்லாம் சிங்கள ஆளுங்க. சிங்களப் பாட்டே பாடு."

"ரதி புலம்பல் எனக்கு நல்லா வரும்னு நீதானே சொன்ன?" காமன் கூத்தில், சிவன் எரித்த காமனுக்காக ரதி அழுது பாடும் பாட்டு அது.

"அது நம்ம தோட்டத்துல. இங்க கூட அழ யாரு இருக்கா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குரல் எந்தப் பாட்டில் நிற்கும் என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். பிறகு ஏன் தடுக்கிறாள்? அதைத் தானே பாடுவதற்கா?

மேடைக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ரதி புலம்பலையே பாடினேன். அடுத்து வந்த வசந்தி சிங்களப் பாட்டுப் பாடினாள். அவளை எடுத்தார்கள்.