தொடாமல் கொடுத்த பாட்டு

ஜகார்த்தா

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பாட்டு வெளியாகும் முன் கடைசியாக ஒலியைச் சீர்செய்பவர்களில் பெரிய கை, பாக் விராவான். அவரிடம் ஒருவழியாக வேலை கேட்டுவிட்டேன். சோதனைக்கு ஒரு பாட்டைக் கொடுத்தார். எத்தனை முறை கேட்டும் எனக்குக் குறை தெரியவில்லை. தொடாமலே திருப்பிக் கொடுத்தேன்.

“ஒண்ணுமே பண்ணலியா, பொண்ணே?”

“நல்லாத்தானே இருக்கு, ஐயா.”

“மத்தவங்க சத்தத்தையாவது ஏத்திட்டு வருவாங்க. நீ சும்மா இருந்ததுக்கு நான் சம்பளம் தரணுமாக்கும்!”

சிரித்தார். கூப்பிடுவதாகச் சொன்னார். பாராட்டா, கேலியா, புரியவில்லை.

கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். பகலில் மட்டும் போன் செய்யாதீர்கள், அம்மா. அவர்தான் என்று ஓடிவந்து எடுத்து, உங்கள் குரலைக் கேட்டு ஏமாந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அவசரத்துடன்,
எர்மெலிந்தா