தெரியாது என்று சொன்ன நர்ஸ்

அன்பு மகளுக்கு,

நேற்று தீவிர சிகிச்சைப் பிரிவில் உன் அப்பாவின் கட்டிலருகே இருந்தவர்கள்: டாக்டர், புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ், நான். எங்களுக்கு மேலே கடவுள்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. மருந்து ஏற்றும் பம்பில் அளவைக் கூட்டச் சொன்னார் டாக்டர். அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள்.

"இதை நான் இன்னும் தனியா தொட்டதில்ல சார். அக்காவக் கூப்பிடுறேன்."

"இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தே?"

"தெரியாம தொட்டாத்தான் சார் தப்பு."

அவள் பின்வாங்கவில்லை, அக்காவைக் கூப்பிட்டாள். மூத்த நர்ஸ் ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் அளவை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகு, புதியவளே பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அழுத்தம் ஏறியது. எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அப்பா இப்போது தேவலை. கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டுகிறார்.

நர்ஸ் வேலையில் ஒன்றும் தெரியவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே. நான் எழுத்துக் கூட்டக் கற்றதே கண்டவர்களையெல்லாம் கேட்டுத்தான். உன் வார்டிலும் கூப்பிட்டால் வர ஓர் அக்கா இருப்பாள், கூப்பிட்டுப் பார்.

அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டாயா, இன்னும் உன் கையில்தான் இருக்கிறதா? சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா